பெயர் ஓரிடம், உலகம் ஓரிடம்: பதிப்பகம் மூடிய பின் ஒரு விளையாட்டு நூலின் கதி

சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் இல்லத்துக்கு வந்திருந்தார். கையில் நான்கு வெளியீடுகளைக் கொண்டுவந்து என் மேசைமீது வரிசையாக வைத்துவிட்டு, "ஐயா, பாடபேதம் பார்ப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களே! இந்த நான்கில் எதற்கு எது உறவு என்று கண்டுபிடியுங்கள், பார்ப்போம்" என்றார்.

முதலாவது, 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'ரூன்குவெஸ்ட்'. இரண்டாவது, 2000-ஆம் ஆண்டில் இஸ்ஸரீஸ் என்னும் சிறு நிறுவனம் வெளியிட்ட 'ஹீரோ வார்ஸ்'. மூன்றாவது, 2006-இல் இங்கிலாந்தின் மங்கூஸ் பதிப்பகம் வெளியிட்ட மற்றொரு 'ரூன்குவெஸ்ட்'. நான்காவது, 2016 முதல் 'மித்ராஸ்' என்னும் பெயரில் விற்கப்படுவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பெயர் ஒன்று. வாசகமும் பதிப்பாளரும் வேறு. இரண்டாவது நூல், ரூன்குவெஸ்ட் தோன்றிய நாளில் அதற்குக் களமாயிருந்த கற்பனை நாட்டையே பேசுகிறது. ஆயின் பெயரும் விதிகளும் முற்றிலும் வேறு. நான்காவதன் விதிகள் மூன்றாவதன் வழியில் வந்தவை. பெயரோ நாடோ அதில் இல்லை.

ஏடு பெயர்த்து எழுதியவர் பிழையால் நேர்ந்த வேறுபாடு அன்று இது. ஒரு படைப்பின் உரிமை துண்டுபட்டுப் பல கைகளுக்குப் போனதன் அடையாளம். அந்தக் கதையை ஆராய்ந்தபோது, விளையாட்டு நூலுக்கு மட்டுமன்றி எழுத்துத் தொழிலுக்கே பொதுவான ஓர் உண்மை புலப்பட்டது. அதனை ஆசிரிய அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டு யாது?

நம் வகுப்பறைகளில் பாகமேற்றல் என்றொரு நடவடிக்கை உண்டு. ஒரு மாணவன் கடைக்காரன் ஆவான்; இன்னொருத்தி வாடிக்கையாளர் ஆவாள்; உரையாடல் நடக்கும். அமெரிக்காவில் பெரியவர்கள் இதனை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, மணிக்கணக்கில், வாரந்தோறும் ஆடுகிறார்கள். ஒருவர் கதை நடத்துநர். மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரம். "நான் ஆற்றைக் கடக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கடந்தாரா மூழ்கினாரா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வர். வென்றவர் தோற்றவர் என்று இறுதியில் யாரும் இல்லை. கதை வளர்வதே பயன்.

இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் நூல், விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்', 1974-இல் வந்தது. அதன் பின்னர் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் தோன்றின. அவற்றை வெளியிட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் நண்பர் சிலர் சேர்ந்து தொடங்கியவை. கடன் முற்றியோ, விற்பனை சரிந்தோ, நடத்தியவர் சலித்தோ அவற்றுட் பல மூடப்பட்டன.

மூடப்பட்டபின் விளையாட்டு யாருடையது? "நிறுவனம் போனால் நூலும் போயிற்று" என்பர் சிலர். "யார் விலைக்கு வாங்கினாரோ அவருக்கே எல்லாம்" என்பர் வேறு சிலர். "கேட்பார் இல்லாதபோது எவரும் அச்சிடலாம்" என்று எண்ணுவாரும் உளர். மூன்றும் பிழை.

ஒன்றல்ல, மூன்று

பிழைக்குக் காரணம், விளையாட்டை ஒரே பொருளாகக் கருதுவது. சட்டத்தின் கண்ணில் அது மூன்று பொருள்.

முதலாவது, விதிமுறை. பகடையில் எந்த எண் விழுந்தால் என்ன நிகழும் என்னும் ஏற்பாடு எவருக்கும் உடைமை அன்று. அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 1879-ஆம் ஆண்டு வழக்காகக் குறிக்கப்படும் 'பேக்கர் எதிர் செல்டன்' இதற்கு மூலம். செல்டன் என்பார் கணக்கு எழுதும் புதுமுறை ஒன்றை விளக்கி நூல் எழுதினார். அந்த நூலின் வாசகத்துக்கு உரிமை உண்டு, அது கற்பிக்கும் கணக்கு முறைக்கு இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டு விதிகளையும் அமெரிக்கச் சட்டம் இவ்வாறே நோக்குகிறது. விதியை விளக்கும் சொற்றொடரைப் பெயர்த்தெழுதினால் குற்றம். அதே விதியைத் தம் சொல்லில் எழுதினால் குற்றம் இல்லை. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கருத்துக்கும் செயல்முறைக்கும் பாதுகாப்புத் தருவதில்லை.

இரண்டாவது, பெயர். இது வணிகக்குறி. இதனைக் காப்பது பயன்பாடு. அமெரிக்கச் சட்டப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயன்படுத்தாத வணிகக்குறி கைவிடப்பட்டதாகக் கருதப்படும்; இல்லை என்று காட்டும் பொறுப்பு உடையவரைச் சார்ந்தது. ஆகவே, மூடிய நிறுவனத்தின் பெயர் காலப்போக்கில் பிறர் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடலாம்.

மூன்றாவது, உலகம். கதைக்களம், தெய்வங்கள், ஊர்கள், மாந்தர், வருணனை, ஓவியம் ஆகிய எழுத்தும் படமும் இதில் அடங்கும். இது பதிப்புரிமை. பயன்படுத்தாமையால் இது அழிவதில்லை. நிறுவனத்துக்காகக் கூலிப்பணியாக எழுதப்பட்ட படைப்பாயின், அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் நிற்கும். 1978-இல் அவ்வாறு வெளியான நூலுக்கு 2073 முடிய உரிமையாளர் ஒருவர் உண்டு. அவர் யாரென்று எவருக்கும் தெரியாமற் போனாலும் உண்டு.

விதி எவருக்கும் உரியதன்று. பெயர் பயன்படுத்தாவிடின் நழுவும். உலகம் உடையவன் மறந்தாலும் நழுவாது. நிறுவனம் நடக்கும்வரை மூன்றும் ஓர் அட்டைக்குள் இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. மூடும்போதுதான் தையல் பிரிகிறது.

1978-ஆம் ஆண்டு நூல்

ரூன்குவெஸ்டின் கதையில் முதலில் பிறந்தது உலகம். கிரெக் ஸ்டாஃபோர்டு என்பார் 1966-இல், கல்லூரி மாணவராய் இருந்தபோதே, குளோராந்தா என்னும் கற்பனை உலகத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார். அதனைக் களமாகக் கொண்ட பலகை விளையாட்டு ஒன்றை வெளியிடுவதற்காகவே 1975-இல் கேயோசியம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்றாண்டுகளின் பின், 1978-இல், ஸ்டீவ் பெரின் முதலானோர் அவ்வுலகத்துக்கென விதிகள் இயற்ற, ரூன்குவெஸ்ட் வெளிவந்தது.

அந்நூலின் சிறப்பு, விதியும் உலகமும் ஒன்றையொன்று தழுவி நிற்பது. அக்காலத்து மற்ற விளையாட்டுகளில் ஒருவன் 'வீரன்' அல்லது 'மந்திரவாதி' என்னும் வகுப்பைச் சேர்வான். பகைவரை வெல்ல வெல்ல அவன் படிநிலை உயரும். ரூன்குவெஸ்டில் வகுப்பு இல்லை, படிநிலை இல்லை. ஈட்டி எறிதல், மரம் ஏறுதல், நோய்க்கு மருந்து செய்தல் என ஒவ்வொரு திறனுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் உண்டு. எந்தத் திறனைப் பயன்படுத்தி வென்றானோ அந்தத் திறனே வளரும். அது வளர்வதற்கு உருட்டும் பகடையில், இப்போதுள்ள எண்ணைவிட மிகுதியாக விழவேண்டும். ஆகவே தொடக்கத்தில் இருப்பவன் விரைந்து முன்னேறுவான். தேர்ந்தவன் மெல்ல மெல்லவே முன்னேறுவான். முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற எவரும் இந்த விதியை இயற்றியவரின் கூர்மையைப் போற்றாதிருக்க முடியாது.

மந்திரமும் அவ்வாறே. ஆற்றல் தெய்வத்திடமிருந்து வருகிறது. ஆகவே பாத்திரம் ஒரு வழிபாட்டுக் குழுவைச் சேர்ந்து, அதன் கடமைகளை ஏற்கவேண்டும். 1979-இல் வந்த 'கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்' என்னும் துணைநூல் அவ்வழிபாடுகளை விளக்குகிறது. விளக்கத்தின் இடையிடையே ஒரு வணிகனின் பயணக் குறிப்பை வைத்து, ஒவ்வொரு கூட்டத்தாரின் நம்பிக்கையும் அவன் கண்ட நிகழ்ச்சியில் எவ்வாறு வெளிப்பட்டது என்று காட்டுகிறது. பட்டியலாகப் போயிருக்கவேண்டிய பகுதி இலக்கியமாக நிற்கிறது. விதியை அறிந்தால் உலகம் விளங்கும். உலகை அறிந்தால் விதியின் காரணம் விளங்கும்.

இத்தகைய நூலைத்தான் பின்னர் இரண்டாக அறுத்தார்கள்.

1984-ஆம் ஆண்டு ஒப்பந்தம்

கேயோசியம் சிறிய நிறுவனம். பால்டிமோர் நகரத்து அவலான் ஹில்லோ 1950-களில் தோன்றிப் போர் விளையாட்டுகளால் பெயர்பெற்றது. அச்சகத் தொழிலை உடைய தாய் நிறுவனத்தின் கீழ் இயங்கியது. கடைகளில் இடம் பிடித்திருந்தது. 1984-இல் இரண்டும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. ரூன்குவெஸ்ட் என்னும் பெயரும் அந்த விளையாட்டை வெளியிடும் உரிமையும் அவலான் ஹில்லுக்கு, குளோராந்தா கேயோசியத்துக்கே.

இந்த ஒப்பந்தத்தைப் பலர் குறை கூறுவதுண்டு. குறைக்கு இடம் இருக்கிறது. மூன்றாம் பதிப்பில் குளோராந்தா பின்னுக்குப் போயிற்று; பழங்கால மண்ணுலகைப் போன்ற பொதுவான களம் முன்னுக்கு வந்தது; குளோராந்தா, விரும்பினோர் சேர்த்துக்கொள்ளும் ஒரு தனிப் பகுதியாகச் சுருங்கியது. விதியின் எண்கள் முன்னிலும் செப்பமாயின. ஆயின் அந்த எண்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதற்கான காரணம் நூலை விட்டு நீங்கியது. தெய்வம் இல்லாத ஊரில் திருவிழாவுக்கு நாள் குறித்ததுபோல் ஆயிற்று.

எனினும் ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு வாசகத்துக்காக ஸ்டாஃபோர்டைப் பாராட்டவேண்டும். உலகத்தை அவர் விற்கவில்லை. பெயரையும் விதியையும் கொடுத்தபோது, தாம் இளமை முதல் எழுதிவந்ததைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டார். அதன் பயன் பதினான்கு ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

1998

1998 ஆகஸ்டில் அவலான் ஹில்லை அதன் தாய் நிறுவனம் ஹாஸ்புரோவுக்கு 60 இலட்சம் டாலருக்கு விற்றது. பொம்மைத் தொழிலின் பெருநிறுவனமாகிய ஹாஸ்புரோவின் உடைமைப் பட்டியலில், நூற்றுக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவே, ரூன்குவெஸ்ட் என்னும் பெயரும் போய்ச் சேர்ந்தது. பழைய அலுவலகம் கலைக்கப்பட்டது.

அந்த வேளையில் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரைக்கு மிகவும் இன்றியமையாதது. விற்பனைக்குச் சற்று முன்னர் அவலான் ஹில் 'ரூன்குவெஸ்ட்: ஸ்லேயர்ஸ்' என்றொரு புதிய விளையாட்டை ஆயத்தம் செய்திருந்தது. அதில் குளோராந்தா இல்லை. பெரினும் அவர் நண்பரும் இயற்றிய விதிகளும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. ஒப்பந்தப்படி பெயர் தன்னுடையதாகலின், எதன்மேலும் அதனை ஒட்டலாம் என்று அந்நிறுவனம் கருதியது போலும். ஹாஸ்புரோ வாங்கியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆசிரியர்கள் தம் எழுத்தைத் திரும்பப் பெற்று, 'ரூன்ஸ்லேயர்ஸ்' என்று பெயர் மாற்றி, இலவசமாகவே வெளியிட்டார்கள். இன்று அதனைப் பெரும்பாலும் வரலாறு ஆராய்வோரே அறிவர்.

பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இஃது ஒரு சான்று. உலகம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மற்றொன்று உண்டு. ஸ்டாஃபோர்டு அதே காலத்தில் கேயோசியத்தை விட்டு விலகி, குளோராந்தாவைத் தம்முடன் எடுத்துச்சென்று இஸ்ஸரீஸ் நிறுவனத்தை நடத்தினார். ரூன்குவெஸ்ட் என்னும் பெயர் கையில் இல்லை. 'ஹீரோகுவெஸ்ட்' என்று பெயரிட விரும்பினார். அப்பெயரில் 1989-இல் ஹாஸ்புரோவின் கிளை நிறுவனமாகிய மில்டன் பிராட்லி ஒரு பலகை விளையாட்டு வெளியிட்டிருந்தமையால் அதுவும் இயலவில்லை. ஆகவே 2000-இல் 'ஹீரோ வார்ஸ்' என்று வந்தது. பழைய வாசகர் பலருக்கு அது தாம் விரும்பிய உலகின் தொடர்ச்சி என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்திராது. உலகம் பிழைத்தது, ஆனால் முகவரி மாறிய வீட்டைப்போல் தேடி வருவோர் குறைந்தனர்.

பெயர்களின் போக்குவரத்து

இதற்குப்பின் நடந்தவை பெயருரிமையின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றன. பயனின்றிக் கிடந்த ஹீரோகுவெஸ்ட் என்னும் பெயர் ஸ்டாஃபோர்டின் கைக்கு வந்தது; 2003-இல் ஹீரோ வார்ஸின் திருந்திய பதிப்பு அப்பெயரில் வெளியாயிற்று. ரூன்குவெஸ்ட் என்னும் பெயரும் இஸ்ஸரீசிடம் வந்து சேர, மங்கூஸ் பதிப்பகம் அதன் அனுமதியுடன் 2006-இல் புதிய நூல் வெளியிட்டது. 2011-இல் அந்த அனுமதி முடிந்தபோது மங்கூஸ் தன் விதிகளை 'லெஜண்ட்' என்னும் பெயரில் தொடர்ந்து விற்றது. அதன்பின் டிசைன் மெக்கானிசம் என்னும் நிறுவனம் 2012-இல் ரூன்குவெஸ்டின் ஆறாம் பதிப்பை வெளியிட்டது; அதன் அனுமதியும் முடிந்தபோது 2016-இல் அதே விளையாட்டு மித்ராஸ் ஆயிற்று. என் மாணவர் கொண்டுவந்த நான்காம் நூல் இதுதான்.

விதிகளை யாரும் பறிக்க முடியவில்லை என்பதைக் கவனிக்க. அட்டையில் இருந்த பெயரை மாற்றிவிட்டால் விற்பனை தடையின்றி நடந்தது.

2013-இல் குளோராந்தாவின் உரிமை மூன் டிசைன் என்னும் பதிப்பகத்துக்குச் சென்றது. 2015-இல் ஸ்டாஃபோர்டு கேயோசியத்துக்குத் திரும்ப, மூன் டிசைனைச் சேர்ந்தோர் கேயோசியத்தின் நிருவாகத்தை ஏற்றனர். பெயர், விதி, உலகம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் மீண்டும் கூடின. 2018-இல் குளோராந்தாவையே களமாகக் கொண்ட புதிய ரூன்குவெஸ்ட் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டாஃபோர்டு காலமானார். 34 ஆண்டுப் பிரிவின்பின் தம் படைப்பு ஒன்றுசேர்ந்ததை அவர் கண்ணால் கண்டார்.

ஹீரோகுவெஸ்ட் என்னும் பெயரோ 2020-இல் மறுபடியும் ஹாஸ்புரோவுக்கே கைமாறியது. அப்பெயரில் வழங்கிய விளையாட்டு 'குவெஸ்ட்வோர்ல்ட்ஸ்' என்று மாற்றப்பட்டது. ஒரு பெயர் போய், வந்து, மீண்டும் போயிற்று. உலகமோ ஸ்டாஃபோர்டும் அவர் தெரிந்தெடுத்தவர்களும் அல்லாத எவர் கைக்கும் போகவில்லை. 1984-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் அந்த ஒரு வாசகம் இல்லாதிருந்தால், குளோராந்தாவும் 1998-இல் ஹாஸ்புரோவின் பட்டியலில் ஒரு வரியாய் முடிந்திருக்கும்.

ஒப்புநோக்கு: டிராவலரும் பாசாவும்

ஒரே சான்றைக்கொண்டு முடிவுக்கு வருதல் ஆய்வாளர்க்கு அழகன்று. ஆகவே இன்னும் இரண்டு வரலாறுகளை வைத்துப் பார்ப்போம்.

மார்க் மில்லர் இயற்றிய 'டிராவலர்' 1977-இல் மூன்று சிறிய கரிய அட்டைப் புத்தகங்களாக வந்தது. விண்மீன்களிடையே பயணம் செய்யும் கதைகள் அதன் பொருள். வெளியிட்ட கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப், இல்லினாய் மாநிலத்தில் மில்லரும் நண்பர்களும் 1973-இல் தொடங்கியது, 1996-இல் மூடப்பட்டது. மூடியபோது டிராவலரின் உரிமை இயற்றியவரிடமே திரும்பியது. அவர் அதனை எவருக்கும் முழுமையாகக் கொடுத்துவிடாமல், பதிப்பாளர்களுக்கு அனுமதி மட்டும் அளித்துவந்தார். முதலில் அனுமதி பெற்ற இம்பீரியம் கேம்ஸ் இரண்டே ஆண்டுகளில் மறைந்தது. அதனால் டிராவலருக்கு இழப்பு இல்லை. அனுமதி முடிந்தது, உடைமை அசையவில்லை. 1998-இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்சும், 2008 முதல் மங்கூசும் வெளியிட்டன. 2024-இல், மில்லர் தாம் வாழும்போதே டிராவலரின் உரிமையை மங்கூசுக்கு மாற்றிக்கொடுத்த செய்தி அறிவிக்கப்பட்டது. படைப்பாளி தம் படைப்புக்கு வாரிசைத் தாமே தெரிந்தெடுத்தார்.

பாசா நிறுவனம் வேறு வகை. 'பேட்டில்டெக்', 'ஷேடோரன்' ஆகியவற்றை வெளியிட்ட அந்நிறுவனம் 2001-இல் கதவடைத்தது. அதற்கு முன்னரே, 1999-இல், அதன் கணினிப் பிரிவு மைக்ரோசாப்டுக்குப் போய்விட்டது. மேசை விளையாட்டின் உரிமை விஸ்கிட்ஸ் நிறுவனத்துக்கும், அதனை 2003-இல் வாங்கிய டாப்ஸ் என்னும் அட்டை வணிகருக்கும் சென்றது. அங்கு அனுமதி பெற்ற கேட்டலிஸ்ட் நிறுவனம் இன்று நூல்களை வெளியிடுகிறது. ஒரே கதை, காகிதத்தில் ஒருவருக்கும் கணினித் திரையில் ஒருவருக்கும் உடைமை. மூன்று என்று மேலே சொன்னோம். ஊடகம் பெருகப் பெருகக் கூறுகளும் பெருகும் என்பதற்கு இது சான்று.

பதிப்பகம் மூடிய நாளில் ஆசிரியர் என்ன நிலையில் இருந்தார் என்பது இம்மூன்று கதைகளிலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. ஸ்டாஃபோர்டு உலகத்தைப் பிரித்து வைத்திருந்தார். மில்லருக்கு உடைமை திரும்பியது. மற்றவர் நிலை கடினம். நிறுவனத்துக்காகக் கூலிப்பணி செய்தோர்க்குத் திரும்பக் கேட்க வழியே இல்லை. கூலிப்பணியாக அன்றித் தாமே எழுதி உரிமையை மாற்றிக்கொடுத்தவர், 35 ஆண்டுகள் கழிந்தபின் அம்மாற்றத்தை முறிக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் ஒரு வாயில் வைத்திருக்கிறது. முப்பது வயதில் எழுதியவர்க்கு அவ்வாயில் அறுபத்தைந்தில் திறக்கும்.

ஒரு மறுப்பு

"அச்சுக்கூலி கொடுத்தவன், கிடங்கு வாடகை கொடுத்தவன், விற்காத பிரதியைச் சுமந்தவன் பதிப்பாளன். அவனுக்கு உரிமை வேண்டாமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதிப்பாளர் இல்லாமல் குளோராந்தா ஸ்டாஃபோர்டின் பெட்டியில் கிடந்திருக்கும். பதிப்பாளருக்கு உரிமை வேண்டா என்பதன்று எம் கருத்து. அவர் பதிப்பிக்கும்வரை உரிமை இருக்கட்டும். பதிப்பிப்பதை நிறுத்தியபின் எவர்க்கும் பயன்படாமல் அவர் பெட்டியில் அது பூட்டிக்கிடப்பதில் யாருக்கு ஆதாயம்? உடையவர் யாரென்றே தெரியாமல் மறுபதிப்புக் காணாது கிடக்கும் நூல்களை மேல்நாட்டார் அநாதைப் படைப்புகள் என்கிறார்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2006-இலும் 2015-இலும் இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. திருடர் இல்லாமலே நிகழும் இழப்பு இது.

விளையாட்டுத் துறையினர் கண்ட மற்றொரு பரிகாரம், உரிமையாளரே கதவைத் திறந்துவைப்பது. 1997-இல் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்சின் பதிப்பாளரான டி.எஸ்.ஆர். கடனில் மூழ்கி விசர்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2000-இல் விசர்ட்ஸ், அடிப்படை விதிநூலைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று ஒரு திறந்த உரிமத்தை வெளியிட்டது. உடைமையாளரின் மனம்போன போக்கால் விளையாட்டுச் சந்தையிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்பதும் தம் நோக்கங்களுள் ஒன்று என அத்திட்டத்தை முன்னின்று நடத்திய ரயன் டேன்சி பின்னர் கூறியிருக்கிறார். 2023 சனவரியில் அவ்வுரிமத்தை மாற்ற நிறுவனம் முயன்றபோது எழுந்த எதிர்ப்பு பெரிது. அம்மாத இறுதியிலேயே முயற்சியைக் கைவிட்டு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிநூலை, திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. இனி அந்நிறுவனமே மறைந்தாலும் அந்த விதிநூல் மறையாது.

நமக்கு என்ன?

மேசை விளையாட்டு நம்மவர் பெரும்பாலோர்க்குப் புதிது. ஆயின் இக்கதை புதிதன்று. பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த சில ஆண்டுகளில், நானும் உடன் பணிபுரிந்த ஆசிரியர் இருவரும் சேர்ந்து சிறுவர் நாடகங்கள் பதினொன்று எழுதினோம். ஓர் அச்சகத்தார் மனமுவந்து வெளியிட்டார். கையெழுத்தில்லை, காகிதமில்லை, ஒரு தேநீரோடு பேச்சு முடிந்தது. நான்கு பள்ளிகளில் அந்த நாடகங்கள் மேடையேறின. பின் அச்சகம் மூடப்பட்டது. ஆண்டுகள் சென்று மறுபதிப்புக்கு ஆசைப்பட்டபோது, 'உரிமை அச்சகத்தாருடையது. அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று நாங்களே முடிவு செய்து விட்டுவிட்டோம்.

இக்கட்டுரைக்காகச் சட்டநூலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. உரிமை ஒருநாளும் எங்களை விட்டுப் போகவில்லை. எம் மூவருள் ஒருவர் இப்போது இல்லை. ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நிற்பதால், அவர் பங்கு அவர் மக்களுடையது, அவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆயினும் பயன் இல்லை. என்னிடம் இருப்பது ஏழு நாடகங்கள். எஞ்சிய நான்கின் பிரதி எவரிடமும் கிடைக்கவில்லை. நாடகம் தொலைந்தது, அதன் உரிமை மட்டும் பத்திரமாய் இருக்கிறது.

ஆகவே, பள்ளிக்கென நாடகமும் பாட்டும் பயிற்சி நூலும் எழுதும் ஆசிரியர்கள் அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்றைக் காகிதத்தில் எழுதிக்கொள்க. கொடுப்பது உடைமையா, அனுமதியா? எத்தனை ஆண்டுக்கு? வெளியிடுபவர் நிறுத்தினால் எவரிடம் திரும்பும்? எழுதியபின் தம் கையில் ஒரு முழுப் பிரதியை வைத்துக்கொள்க. நண்பரிடம் இவற்றைக் கேட்பது கூச்சமாயிருக்கும். 1984-இல் ஸ்டாஃபோர்டுக்கும் கூச்சமாயிருந்திருக்கலாம்.

என் மாணவர் விடைபெறும்போது நான்கில் ஒன்றை என்னிடம் விட்டுச்சென்றார். எதை என்று கேட்டால், பழைய ரூன்குவெஸ்டைத்தான். அடுத்த விடுமுறையில் அவர் கதை நடத்துநராக, நான் ஒரு பாத்திரமேற்று ஆடுவதென்று பேச்சு. அந்த நான்கு நாடகங்களில் ஒன்றேனும் வைத்திருக்கும் அன்பர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், இப்பகுதியின் ஆசிரியர் வழியாக எனக்கு ஒரு வரி எழுதுக.